அப்பாவோட யாஷிகாவ ஏலத்துல தேடினப்போ

எங்க அப்பா கும்பகோணத்துல முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டூடியோ வச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எல்லாம்தான். அவர்கிட்ட இருந்தது யாஷிகா மேட் 124ஜி. மேல ஒரு லென்ஸ், கீழ ஒரு லென்ஸ், வயித்துகிட்ட வச்சுகிட்டு குனிஞ்சு பாத்து எடுக்குற பொட்டி கேமரா, நாப்பது வயசு தாண்டினவங்க ஏதாவது ஒரு கல்யாண வீட்டுல கண்டிப்பா பாத்திருப்பீங்க. 120 ஃபிலிம் போட்டா ஒரு ரோலுக்கு 12 படம்தான். தாலி கட்டுற நேரத்துல ரோல் தீந்துடக் கூடாதுன்னு பத்தாவது படத்தோட அந்த ரோல முடிச்சு கழட்டிட்டு புதுசு மாட்டிகிட்டுதான் மணமேடை பக்கம் போவார், ரெண்டு படம் வீணா போனாலும் சரின்னு. டிஜிட்டல் வந்து ஸ்டூடியோ தொழிலே மாறினப்போ, 2006ல, அந்த கேமராவ வித்துட்டார். எவ்வளவுக்கு வித்தார்னு இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல.

அவருக்கு எழுபது முடியுறதுக்குள்ள அதே மாடல் ஒண்ண தேடி அவர் கையில குடுத்துடணும்னு எனக்கு ஒரு எண்ணம். சென்னையில தெரிஞ்ச கடையெல்லாம் கேட்டாச்சு. கிடைச்ச ரெண்டு மூணும் லென்ஸ் முழுக்க ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, நம்ம ஊர் ஈரக்காத்துக்கு பீரோவுல பத்து வருஷம் பூட்டி வச்ச லென்ஸ் வேற எப்படி இருக்கும். அதனால ஈபேங்கற ஆன்லைன் ஏல சைட் பக்கம் போனேன். நம்ம ஊர்லயும் ஈபே இருந்துச்சு, 2004ல பாஸிங்கற இந்திய ஏல சைட்ட வாங்கிதான் உள்ள வந்தாங்க, 2018ல கடைய மூடிட்டாங்க. இப்போ அமெரிக்க சைட்லயே அக்கவுண்ட் போட்டு, வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறதுதான் வழி. அப்பாகிட்ட மட்டும் பேச்சுவாக்குல கேட்டேன், பழைய கேமரா ஆன்லைன்ல வாங்கலாமாப்பான்னு. "லென்ஸ கண்ணால பாக்காம எப்படிடா வாங்குவ"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். அந்த ஒரு வரிய நான் சரியா காதுல வாங்கியிருந்தா முதல் தடவை அவ்வளவு பணம் போயிருக்காது.

முதல்ல அந்த கதைய சொல்லிடுறேன். அமெரிக்காவுல ஒரு செல்லர், கேமரா அவர் தாத்தாவோடதாம், வீட்ட காலி பண்றப்போ கிடைச்சுதாம். "டெஸ்ட் பண்ணல, பாக்க நல்லா இருக்கு, ஷட்டர் அடிக்குது"ன்னு மூணு வரி. ஆறு போட்டோ. நான் 150 டாலருக்கு மேல போகக் கூடாதுன்னு மனசுல ஒரு கணக்கு வச்சிருந்தேன். அங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏலம் முடியுதுன்னா நமக்கு திங்கக்கிழமை காலைல ஆறரை ஏழு மணி. பல்லு கூட விளக்காம போன கையில வச்சுகிட்டு உக்காந்திருக்கேன், 150 தாண்டிடுச்சு, யாரோ ஒருத்தர் மேல மேல கேக்குறார், நானும் 160ங்கறேன், 170ங்கறேன், அந்த நேரத்துல கேமரா நல்லா இருக்கா இல்லையாங்கற நினைப்பே இல்ல, அவன் கையில போயிடக் கூடாதுங்கற ஒண்ணுதான் ஓடுது, கடைசியில 187 டாலர் 50 சென்ட்டுக்கு எனக்கு விழுந்துச்சு. ஜெயிச்சுட்டோம்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன். ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் சேந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள போட்ட கணக்கு எங்கயோ போயிடுச்சு.

பார்சல் வந்துச்சு. கேமராவோட பின் கதவ திறந்து, ஷட்டர பி-யில, அதாவது அழுத்திப் புடிக்கிற வரைக்கும் திறந்தே இருக்குற இடத்துல வச்சு, அழுத்திப் புடிச்சுகிட்டு பின்னால இருந்து போன் டார்ச்ச அடிச்சேன். கீழ் லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி, ஓரத்துல இருந்து நடுவு வரைக்கும் ஃபங்கஸ். மேல் லென்ஸ் கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருக்கு. இந்த கேமராவுல மேல் லென்ஸ் நாம பாக்குறதுக்கு மட்டும், படம் விழுறது கீழ் லென்ஸ் வழியா. திரும்பப் போய் அந்த ஆறு போட்டோவ எடுத்து பாத்தா, மேல் லென்ஸ் தெளிவா தெரியுற மாதிரி ரெண்டு படம் இருக்கு, கீழ் லென்ஸுல எல்லா படத்துலயும் ஃபிளாஷ் வெளிச்சம் அடிச்சு வெள்ளையா நிக்குது. பின் கதவு திறந்த படம் ஒண்ணு கூட இல்ல. மெசேஜ் அனுப்பினேன், அவர் மரியாதையாவே பதில் போட்டார், கண்டிஷன்ங்கற இடத்துல 'பார்ட்ஸுக்கு மட்டும் அல்லது வேலை செய்யாதது'ன்னுதான் போட்டிருக்கேன்னு. போய் பாத்தா ஆமாம், போட்டிருக்கார். சின்ன எழுத்துல, விலைக்கு மேல. ஈபேல பொருள் சொன்ன மாதிரி இல்லைன்னா காச திருப்பி வாங்க வழி இருக்கு, ஆனா வேலை செய்யாதுன்னு சொல்லி வித்த பொருள் வேலை செய்யலன்னு எப்படி கேக்க முடியும். சென்னையில ஒரு பெரியவர் லென்ஸ கழட்டி துடைச்சுப் பாத்தார், ஃபங்கஸ் போச்சு, ஆனா அது லென்ஸ் மேல பூசியிருக்கிற கோட்டிங்க தின்ன தடம் கண்ணாடியிலயே நின்னுடுச்சு.

இதுல ஏமாத்து வேலைன்னு பெருசா ஒண்ணும் நடக்கல. அதனாலதான் இத எழுதணும்னு தோணுச்சு. ஆன்லைன்ல பழைய பொருள்னாலே எல்லாரும் திருடன பத்திதான் பயப்படுறாங்க, எனக்கு காசு போனது திருடனால இல்ல, காட்டாம விட்ட படத்த நான் கவனிக்காததாலயும், கடைசி பத்து நிமிஷத்துல என் கை என் பேச்ச கேக்காததாலயும்தான்.

அதுக்கப்புறம் நாலு மாசம் ஒண்ணும் வாங்கல. தினம் ராத்திரி வெறுமனே பாத்துகிட்டு மட்டும் இருந்தேன். பழைய பொருள் வாங்குறவங்க யாரா இருந்தாலும் இத செய்யுங்க, முதல் ஒரு மாசம் வாங்காதீங்க, பாருங்க. ஈபேல தேடும்போது ஃபில்டர்ல 'சோல்டு ஐட்டம்ஸ்'னு ஒண்ணு இருக்கு, அத டிக் பண்ணா நிஜமா எவ்வளவுக்கு வித்துச்சுன்னு பச்சை எழுத்துல காட்டும். விக்கிறவன் கேக்குற விலை வேற, போன விலை வேற. ஒரே கேமரா ஒரு வாரத்துல எவ்வளவு ஏறி இறங்குதுன்னு அப்போதான் புரிஞ்சுது. விலைய மட்டும் பாக்காம ஷிப்பிங்கையும் சேத்து பாக்கணும், சிலர் பொருள் விலைய கம்மியா காட்டிட்டு ஷிப்பிங்ல புடிச்சுடுவாங்க.

அப்புறம் ஏலம் எப்படி நடக்குதுன்னே நான் முதல் தடவை சரியா தெரிஞ்சுக்கல. நீங்க போடுற தொகை உங்களோட உச்ச தொகை, அத சிஸ்டம் ரகசியமா வச்சுகிட்டு, அடுத்தவன விட ஒரு படி மட்டும் மேல உங்களுக்காக கேக்கும். நூறுல இருந்து இருநூத்தம்பது டாலர் வரைக்கும் அந்த படி ரெண்டரை டாலர். அதாவது நீங்க 160 போட்டு, அடுத்தவரோட உச்சம் 140ஆ இருந்தா உங்களுக்கு 142.50க்கு முடியும், 160 குடுக்க வேண்டியதில்ல. அப்போ நாம பத்து தடவை ஏத்தி ஏத்தி கேக்க வேண்டிய தேவையே இல்ல. ஏலம் முடியுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஏத்த ஆரம்பிச்சா விலைய ஏத்தி விடுறதத் தவிர வேற பிரயோஜனம் இல்ல. அமைதியான நேரத்துல, ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து, ஷிப்பிங் கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து இந்த பொருளுக்கு இவ்வளவுதான்னு ஒரு தாள்ல எழுதி வச்சுடுங்க. கடைசி அஞ்சாறு செகண்ட்ல அந்த ஒரே தொகைய ஒரே தடவை போடுங்க. 160ன்னு ரவுண்டா போடாம 161.37ன்னு போடுங்க, ரவுண்டா போட்டவர் யாராவது இருந்தா அந்த சில்லறையில தப்பிச்சுடலாம். கிடைக்கலன்னா கிடைக்கல. யாஷிகா இந்த கேமராவ 1970ல இருந்து 1986 வரைக்கும் செஞ்சிருக்கான், இன்னும் ஊரெல்லாம் கிடக்கு, இன்னைக்கு விட்டா அடுத்த மாசம் வரும்.

ஏலத்துல யார் யார் கேட்டாங்கன்னு ஒரு ஹிஸ்டரி இருக்கும், பேர பாதி மறைச்சுதான் காட்டும், ஆனா ஒவ்வொருத்தர் மேலயும் தட்டினா, கடைசி 30 நாள்ல அவர் போட்ட பிட்ல, அதாவது ஏலத்துல கேட்டதுல, எத்தனை சதவீதம் இதே செல்லரோட பொருளுக்குன்னு சொல்லும். ஒருத்தர் திரும்பத் திரும்ப இதே செல்லரோட ஏலத்துல மட்டும் விலைய ஏத்தி விட்டுட்டு எதையும் ஜெயிக்காம போறார்னா, அது செல்லரோட மச்சானாக்கூட இருக்கலாம். அது தப்புன்னு ரூல்ஸ்லயே இருக்கு, ஆனாலும் நடக்கும். அந்த மாதிரி இருந்தா நான் விலகிடுவேன்.

செல்லர பாக்குற விஷயத்துல நூறு சதவீதம்ங்கற நம்பர மட்டும் பாத்து நம்பிடாதீங்க. அந்த ஃபீட்பேக் அவர் விக்கிறவரா வாங்கினதா, இல்ல வாங்குறவரா வாங்கினதான்னு பிரிச்சு பாருங்க. பதினஞ்சு போன் கவர் வாங்கி பதினஞ்சு நல்ல பேர் எடுத்தவர் இன்னைக்கு திடீர்னு லைக்காங்கற விலை உயர்ந்த கேமரா விக்கிறார்னா யோசிக்கணும். பல வருஷம் சும்மா கிடந்த அக்கவுண்ட்ல ஒரே நாள்ல இருபது விலை உயர்ந்த கேமரா வந்தா, அந்த அக்கவுண்ட்ட யாரோ திருடியிருக்க வாய்ப்பு உண்டு. மோசமான ஃபீட்பேக்க மட்டும் தனியா எடுத்து படிங்க, அதுல வாங்கினவங்க என்ன சொன்னாங்கங்கறத விட, செல்லர் என்ன பதில் சொல்லியிருக்கார்ங்கறதுல அவர் குணம் தெரிஞ்சுடும்.

ஜப்பான்ல இருந்து விக்கிறவங்ககிட்ட ஒரு நல்ல பழக்கம் இருக்கு, வெளித்தோற்றம், லென்ஸ், செயல்பாடுன்னு பிரிச்சு எழுதுவாங்க, போட்டோவும் பதினஞ்சு இருபது இருக்கும். ஆனா அவங்க தலைப்புல போடுற 'நியர் மின்ட்'ட, அதாவது கிட்டத்தட்ட புதுசுங்கறத, அப்படியே எடுத்துக்காதீங்க, உள்ள போய் லென்ஸ்ங்கற இடத்துல 'லேசா ஃபங்கஸ் உண்டு, படத்த பாதிக்காது'ன்னு ஒரு வரி கிடக்கும். அந்த வரிதான் விஷயம். ஆங்கிலத்துல 'ஆஸ் இஸ்' (இருக்கிறபடியே), 'அன்டெஸ்டட்' (டெஸ்ட் பண்ணல)னு பாத்தீங்கன்னா அது வேலை செய்யாதுன்னே கணக்கு வச்சு விலை போடுங்க. கேமரா விக்கிறவனுக்கு ஷட்டர அழுத்திப் பாக்க ஒரு நிமிஷம் ஆகாது, டெஸ்ட் பண்ணலன்னு சொன்னா பெரும்பாலும் பண்ணிட்டுதான் சொல்றான்னு எனக்கு தோணுது.

இங்கதான் அப்பாகிட்ட திரும்பப் போனேன். நடந்தத முழுசா சொன்னேன், அவர் திட்டல. ஒரு துண்டு பேப்பர் எடுத்து எழுதச் சொன்னார். பழைய கேமராவுல பழுது இல்லாம இருக்காது, எந்த பழுது தீரும் எது தீராதுன்னு தெரிஞ்சுகிட்டு வாங்கணும்னார். வெளிச்சத்த அளக்குற மீட்டர் வேலை செய்யலன்னா கவலைப்படாத, அது பழைய மெர்க்குரி பேட்டரிக்கு செஞ்சது, 1.35 வோல்ட், அந்த பேட்டரியே இப்போ கிடையாது, புதுசு போட்டா தப்பா காட்டும், போன்லயே மீட்டர் ஆப் இருக்கு. பாக்குற கண்ணாடி மங்கலா இருக்கா, துடைச்சுக்கலாம், மாத்திக்கலாம். தோல் உரிஞ்சிருக்கா, ஒட்டிக்கலாம். ஷட்டர் மெதுவா இருக்கா, சர்வீஸ் பண்ணா சரியாகும், அந்த காச விலையில கழிச்சுக்கோ. கீழ் லென்ஸ்ல ஃபங்கஸ் கோட்டிங்க தின்னிருந்தா தொடாத. ஃபிலிம் சுத்துற கைப்பிடி வழுக்குச்சுன்னா தொடாத. செல்ஃப் டைமர இழுத்துக் காட்டச் சொல்லாத, பழசுல மாட்டிகிச்சுன்னா ஷட்டரே நின்னுடும். முப்பது வருஷம் அந்த பொட்டிய தினம் கையில புடிச்சவர் சொன்னது, எந்த கைடுலயும் எனக்கு இப்படி கிடைச்சதில்ல. நீங்க வாட்ச் வாங்கினாலும் சரி, தையல் மெஷின் வாங்கினாலும் சரி, கிட்டார் வாங்கினாலும் சரி, அந்த பொருள வச்சு பொழச்ச ஒருத்தர்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்துட்டு அப்புறம் ஏலத்துக்கு போங்க.

அந்த பேப்பர வச்சுகிட்டுதான் அடுத்த செல்லர்கிட்ட கேள்வி கேட்டேன். ஜப்பான்ல சின்ன ஊர்ல இருக்கிற ஒருத்தர். பின் கதவ திறந்து பி-யில வச்சு டார்ச் அடிச்சு கீழ் லென்ஸ ஒரு படம் எடுத்து போட முடியுமா, ஒரு செகண்ட் ஸ்பீடுல ஷட்டர அடிச்சு சத்தம் கேக்குற மாதிரி சின்ன வீடியோ அனுப்ப முடியுமான்னு கேட்டேன். மறுநாளே ரெண்டும் வந்துச்சு, தூசி ரெண்டு புள்ளி இருக்கு மன்னிக்கவும்னு ஒரு வரியோட. அந்த வீடியோவ அப்பாவுக்கு எதுக்குன்னு சொல்லாம போட்டு காட்டினேன், கண்ண மூடிகிட்டு கேட்டார், கிர்ர்ர்ர்னு பல்சக்கரம் ஓடி டக்குனு நின்னுச்சு. "ஓடுது. சரியா ஓடுது"ன்னார். கேள்வி கேட்டா எரிச்சல்படுற செல்லர், படம் கேட்டா மழுப்புற செல்லர், அவங்ககிட்ட எல்லாம் பொருள் எவ்வளவு மலிவா இருந்தாலும் வாங்காதீங்க. கேள்விய சைட்டுக்குள்ளயே மெசேஜ்ல கேளுங்க, நாளைக்கு தகராறுன்னு வந்தா அதுதான் சாட்சி.

பணம் விஷயத்துல மட்டும் ரொம்ப கண்டிப்பா இருங்க. சைட்டுக்கு வெளிய வா, டைரக்டா அனுப்பு, கமிஷன் மிச்சம், இருபது டாலர் குறைச்சுக்கறேன்னு சொன்னா அந்த இடத்துலயே பேச்ச முடிச்சுக்கோங்க. வெளிய குடுத்த காசுக்கு ஈபேவோட மனி பேக் கேரண்டி கிடையாது. உள்ள குடுத்தா பொருள் வரலன்னாலோ சொன்ன மாதிரி இல்லன்னாலோ 30 நாளைக்குள்ள கேஸ் போடலாம், அந்த கெடுவ விட்டுடாதீங்க, செல்லர் அடுத்த வாரம் அடுத்த வாரம்னு இழுக்குறதே அந்த 30 நாள் தாண்டட்டும்னுதான் சில சமயம். ஏலத்துல தோத்தப்புறம் 'முதல் ஆள் வாங்கல, உங்களுக்கே தர்றேன்'னு மெயில் வரும், அது நிஜமாவும் இருக்கும், பொய்யாவும் இருக்கும், நிஜம்னா உங்க ஈபே அக்கவுண்ட்டுக்குள்ளயே மெசேஜா இருக்கும், மெயில்ல இருக்கிற லிங்க்க மட்டும் தட்டாதீங்க. நான் கிரெடிட் கார்டுலதான் குடுத்தேன், பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் உபயோகத்த அந்த தொகை அளவுக்கு மட்டும் ஆன் பண்ணி, முடிஞ்சதும் ஆஃப் பண்ணிட்டேன்.

நம்ம ஊர்ல நேரடியா பழசு வாங்கி விக்கிறவங்களுக்கும் ஒண்ணு. என் ஃப்ரெண்டு ஒருத்தன் பழைய ட்ரைபாட் விக்கப் போய், வாங்குறவன் அனுப்பின க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி பின் நம்பர போட்டு பதினோராயிரம் விட்டான். காசு வர்றதுக்கு பின் நம்பர் தேவையே இல்ல, போறதுக்குதான் தேவை. மாட்டிகிட்டா அப்பவே 1930ங்கற சைபர் மோசடி புகார் நம்பருக்கு போன் பண்ணுங்க, நேரம் போகப் போக காசு கை மாறிடும். பழைய போன் வாங்குறதா இருந்தா *#06# அழுத்தி வர்ற ஐஎம்இஐங்கற போனோட அடையாள நம்பர மத்திய அரசோட சஞ்சார் சாத்தி சைட்ல போட்டு பாத்துடுங்க, திருட்டு போன்னு ப்ளாக் ஆகியிருந்தா தெரிஞ்சுடும்.

கஸ்டம்ஸ் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. பொருளோட விலைக்கு மட்டும் வரி இல்ல, ஷிப்பிங்கையும் இன்சூரன்ஸையும் சேத்த தொகைக்கு வரி. ரேட் மாறிகிட்டே இருக்கும், வாங்குற அன்னைக்கு என்னன்னு பாத்துட்டு கணக்கு போடுங்க. கூரியர்ல வந்தா கேஒய்சி கேப்பாங்க, ஆதார் காப்பிய தயாரா வச்சுக்கோங்க. செல்லர்கிட்ட 'கிஃப்ட்னு போடுங்க, இருபது டாலர்னு எழுதுங்க'ன்னு கேக்காதீங்க. அது தப்பு, அதுக்கு மேல பார்சல் தொலைஞ்சா இன்சூரன்ஸும் அந்த இருபது டாலருக்குதான்.

ரெண்டாவது ஏலம் நமக்கு காலைல அஞ்சே முக்காலுக்கு முடிஞ்சுது. தாள்ல எழுதினது 161.37. ஆறு செகண்ட் இருக்கும்போது போட்டேன், போட்டுட்டு போன கவுத்து வச்சுட்டேன். 142.50க்கு கிடைச்சுது. பதினோரு நாள் கழிச்சு பார்சல் வந்தப்போ, அட்டைப்பெட்டியோட லேபிள்ல இருந்து ஆரம்பிச்சு கேமரா வெளிய வர்ற வரைக்கும் கட் பண்ணாம ஒரே வீடியோவா எடுத்தேன், பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி, அதுக்குள்ள பபிள் ராப்ல நாலு சுத்து. டார்ச் அடிச்சேன். தூசி ரெண்டு புள்ளி, அவர் சொன்ன அதே இடத்துல.

கும்பகோணத்துக்கு எடுத்துகிட்டு போனேன். அப்பா ஒண்ணும் சொல்லல. மூடிய திறந்து உள்ள குனிஞ்சு பாத்தார், ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் ஸ்பீட ஒரு செகண்ட்ல வச்சு காதுகிட்ட கொண்டு போய் அடிச்சுப் பாத்தார். நான் வாங்கி வச்சிருந்த ஃபிலிம குடுத்தேன், இருபது வருஷம் ஆச்சு, ஆனா கை அதுவா போகுது, பேப்பர்ல இருக்கிற அம்புக்குறிய கேமரா புள்ளிக்கு நேரா கொண்டு வந்து, கதவ சாத்தி, கைப்பிடிய நிக்குற வரைக்கும் சுத்தினார். அம்மாவ திண்ணையில உக்கார வச்சு ரெண்டு, பேத்தி ஓடிவர்றத ஒண்ணு, எதிர்வீட்டு மாமாவ ஒண்ணு. அப்படியே ஒவ்வொண்ணா எடுத்துகிட்டு வந்தவர் பத்தாவது படம் ஆனதும் நிறுத்திட்டார். நம்பர் காட்டுற ஜன்னல ஒரு தடவை பாத்துட்டு எங்கிட்ட திரும்பி கேட்டார்.

"தம்பி, இன்னொரு ரோல் வச்சிருக்கியா?"